தோன்றா எழுவாய்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவில், றொசல்ல என்றொரு சிறிய புகையிரத நிலையம் உண்டு. மலையகப் பாதையில் பயணம் செய்தோர் இத்தகைய நிலையங்களில் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வண்டி வந்து நிற்கும். நிலைய ஊழியர் ஒருவர் பெரிய வளையம் கோத்த பை ஒன்றைச் சாரதியிடம் நீட்டுவார். சாரதி தம் கையிலிருக்கும் வளையத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வார். பைக்குள் இருப்பது வட்டமான உலோகத் தகடு. டப்லட் என்பது அதற்கு வழங்கும் பெயர். ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம் வரை எதிரே வேறு வண்டி இல்லை என்பதற்கு அத்தகடே சாட்சி. இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எவர் முயன்றாலும் எடுக்க இயலாது.

இந்தத் தகட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நோரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வந்த இரண்டு வண்டிகள் மோதின. 25 பேர் மாண்டனர். மேலதிகாரியின் கையொப்பம் இல்லாமலே ஒரு தந்திச் செய்தி அடுத்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்பதே விசாரணையில் வெளிப்பட்ட உண்மை. செய்தியை அனுப்பிய இளம் தந்திக் குமாஸ்தா விடுவிக்கப்பட, மேலதிகாரி சிறைக்குப் போனார். ஆனால் மேலதிகாரியைச் சிறையிலிட்டதனால் ஒற்றைப் பாதை பத்திரமாகிவிடவில்லை. அடுத்த அதிகாரியும் களைப்பும் அவசரமும் உள்ள மனிதன்தானே! எட்வர்ட் டையர் என்பவர் வேறு வழியில் சிந்தித்தார். தவறு செய்தவன் யார் என்ற கேள்வியை விட்டு, அத்தவறு செய்யப்படக் கூடியதாக இருந்தது ஏன் என்று கேட்டார். அதன் விளைவாக 1878இல் உருவானதே டப்லட் முறை. நோரிச்சில் இறந்த அந்த இருபத்தைந்து பேரின் புண்ணியத்தில்தான் நம் மலையகத்து வண்டிகள் ஒன்றோடொன்று முட்டாமல் தேயிலை மூட்டைகளையும் மனிதரையும் சுமந்து வந்திருக்கின்றன.

இலக்கிய ஏட்டில் புகையிரதத் தகட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். விபத்து விசாரணை அறிக்கையும் ஓர் எழுத்துவகை என்பதே நம் பதில். அதற்கும் கதைமாந்தர் உண்டு, காலவரிசை உண்டு, உச்சக்கட்டம் உண்டு, ஆசிரியனின் சார்பும் உண்டு. நாவலை வர்க்கக் கண்ணோடு வாசிக்கப் பழகிய நாம், நூற்றுக்கணக்கான மனிதரின் சாவைப் பற்றி எழுதப்படும் உரைநடையை மட்டும் நிபுணர்களின் சொத்தென்று விட்டுவிடுவது சரியன்று.

தமிழ் இலக்கணம் இதற்கொரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது. வாக்கியத்தில் வெளிப்படையாக நில்லாமல் மறைந்து நிற்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்று நம் மாணவர் படிக்கின்றனர். அறிக்கைகளின் முடிவு வாக்கியங்களை எடுத்துப் பாருங்கள். ‘சாரதி சமிக்ஞையைக் கவனிக்கவில்லை’, ‘விமானி உயரத்தைச் சரிபார்க்கவில்லை’ என்பன அவற்றின் வழமையான வாய்பாடு. எழுவாயாக நிற்பவன் பெரும்பாலும் இறந்துபோனவன். மறுமொழி சொல்ல வராதவன். அவனை அந்த இடத்துக்கு அனுப்பிய கம்பனி, கருவி வாங்கப் பணம் ஒதுக்காத திணைக்களம், பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு மணி நேரமென்று எழுதிய பதிவேடு ஆகியவை தோன்றா எழுவாயாகவே நின்றுவிடுகின்றன.

நம் மலைகளிலேயே இதற்கு உரைகல் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு 10 மணிக்குச் சிறிது பின்னர், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து புறப்பட்ட டச்சு மார்ட்டின் ஏர் கம்பனியின் டி.சி.-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பகுதியில் எழும் சப்த கன்னியர் மலைத்தொடரில் மோதிச் சிதறியது. 182 ஹஜ் யாத்திரிகரும் 9 ஊழியருமாக 191 பேரும் இறந்தனர். கட்டுநாயக்கவில் இறங்கிப் பின்னர் ஜித்தாவுக்குப் போகவிருந்த பயணம் அது. இலங்கை மண்ணில் இதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நேர்ந்ததில்லை. விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது.

நடந்தது இது. கட்டுப்பாட்டு நிலையம் விமானத்தைப் படிப்படியாகத் தாழ அனுமதித்தது. கடைசியாக 2,000 அடிக்கு இறங்கலாம் என்றும், ஓடுபாதை கண்ணில் பட்டதும் அறிவிக்கும்படியும் சொன்னது. விமானத்திலிருந்தோர் தாம் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகவே நம்பினர். உண்மையில் அவர்கள் அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், மத்திய மலைநாட்டின் மேல் இருந்தனர். சுமார் 4,355 அடி உயரத்தில் மலை குறுக்கிட்டது.

இலங்கை அரசின் விசாரணை கண்ட காரணத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: விமான நிலையத்தை நோக்கத் தாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாக மதிப்பிட்டதால், ஊழியர் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கினர், விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்திருந்ததே இத்தவறுக்கு வித்து, அக்கருவிகள் பிழையான பொருள்கோடலுக்கு இடம் தந்தன.

நேர்மையாகச் சொன்னால், இது மோசமான வாக்கியம் அன்று. விமானியின் குணத்தைப் பழிப்பதோடு நின்றுவிடாமல், அவர் கையிலிருந்த கருவியின் இயல்பையும் அது பேசுகிறது. டொப்ளர் என்பது விமானத்திலிருந்து கீழ்நோக்கி அலைகளை அனுப்பி, அவை திரும்பிவரும் விதத்தைக் கொண்டு வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அளக்கும் முறை. புறப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு வேகத்தில் இவ்வளவு நேரம் வந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம் என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கு அது. நெடுந்தூரம் கடல் மீது பறக்கையில் சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாகும். அசையும் கடற்பரப்பும் அளவைக் குழப்பும். வானிலை ராடரோ மழைமுகிலைக் காட்டப் பிறந்தது; கரையோரத்தையும் காட்டும் என்றாலும், இது எந்தக் கரை என்று சொல்லாது. இருட்டில், பல மணி நேரப் பயணத்தின் முடிவில், மனிதன் தான் காண விரும்புவதையே திரையில் காண்பான்.

ஆனால் வாக்கியம் அத்துடன் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது. நம் விமர்சனம் அந்த முற்றுப்புள்ளியைப் பற்றியதே. ‘சார்ந்திருந்தனர்’ என்றால், ஏன் சார்ந்திருந்தனர்? நாற்பது மைல் அப்பால், மலைக்கு மேலே இருந்த விமானத்தை 2,000 அடிக்கு இறங்கச் சொன்னவருக்கு, அது எங்கே இருக்கிறது என்று தாமாகச் சரிபார்க்க என்ன வசதி அளிக்கப்பட்டிருந்தது? ஏழை யாத்திரிகர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தில் வாடகைக்குப் பேசிய பயணத்துக்கும், செல்வர் ஏறும் வாடிக்கைப் பயணத்துக்கும் ஒரே அளவான பாதுகாப்புத்தானா? காரணத்தை உரைக்கும் வாக்கியத்தில் இக்கேள்விகளுக்கு இடமில்லை. மலையில் மோதிய கை யாருடையது என்பதோடு அது அமைந்துவிட்டது.

இதைவிட விரிவாகக் கேட்க முடியுமா என்று ஐயுறுவோர், அதே வாரத்தில் உலகின் மறுபக்கத்தில் நடந்ததைப் பார்க்கலாம். சப்த கன்னியர் மலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் டி.டபிள்யூ.ஏ. கம்பனியின் 514ஆம் இலக்க விமானம், வாஷிங்டனை நோக்கி இறங்குகையில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ‘அணுக அனுமதி’ என்ற சொல்லுக்கு விமானி ஒரு பொருள் கொண்டார். கட்டுப்பாட்டாளர் வேறு பொருள் கொண்டார். விசாரணைச் சபையே இரண்டுபட்டது: பெரும்பான்மையினர் விமானிகளின் முடிவைக் குறை கூற, சிறுபான்மையினர் கட்டுப்பாட்டு முறையைச் சுட்டினர். அந்த மாற்றுக் கருத்து மறைக்கப்படாமல் அறிக்கையிலேயே அச்சேறியது. இன்னொன்றும் வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன்னர் வேறொரு கம்பனியின் விமானம் அதே இடத்தில், அதே சொற்குழப்பத்தால் மயிரிழையில் தப்பியிருந்தது. அக்கம்பனி தன் விமானிகளை மட்டும் எச்சரித்துவிட்டு ஓய்ந்தது. போட்டி வியாபாரத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் உயிரைக் காக்கும் செய்திகூடத் தனிச்சொத்தாகிவிடுகிறது! இதன் பின்னரே, தரை நெருங்குகிறது என்று கூவி எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் பொருத்தவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. தண்டனைக்கு அஞ்சாமல் தம் தவறுகளையும் தப்பித்தல்களையும் ஊழியர் எழுதியனுப்பும் முறையும் 1976இல் அமைந்தது. முதலாளித்துவ நாட்டின் நிறுவனம் என்பதற்காக இந்த நற்செயலை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கதை இன்னொரு முறையும் எழுதப்பட்டது. 1978 நவம்பர் 15ஆம் நாள், ஐஸ்லாந்துக் கம்பனியின் டி.சி.-8 விமானம், இம்முறை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பும் யாத்திரிகருடன், இடிமழைக்கிடையே கட்டுநாயக்கவுக்கு அருகில் தோட்டமொன்றில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். இலங்கை அறிக்கை, விமான ஊழியர் உரிய அணுகுமுறை விதிகளைக் கடைப்பிடிக்கவில்லை என்றும், உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகளைச் சரிவரப் பயன்படுத்தவில்லை என்றும் முடிவு கட்டியது. ஐஸ்லாந்துத் தரப்போ விமான நிலையத்தின் வழிகாட்டுக் கருவிகளிலும் அவற்றின் பராமரிப்பிலும், கீழ்நோக்கி வீசிய காற்றிலும் குற்றம் கண்டது. ஒரே சிதைவிலிருந்து இரண்டு கதைகள்! ஒவ்வொரு கதையிலும் எழுவாய் அடுத்த நாட்டுக்காரன். சிக்காகோ உடன்பாட்டின் பதின்மூன்றாம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்கிறது. அந்த இலட்சியத்துக்கும், இழப்பீடும் தேசிய கௌரவமும் இழுக்கும் திசைக்கும் உள்ள தூரத்தை இவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்தால் அளந்துவிடலாம். இறந்த யாத்திரிகர் எந்தக் கதையிலும் தொகையாக மட்டுமே வருகின்றனர்.

தோன்றா எழுவாய் வெளியே இழுத்துக்கொண்டு வரப்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1979 நவம்பர் 28இல் நியூசிலாந்து விமானம் ஒன்று அந்தார்ட்டிக்காவின் எரெபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தனர். முதல் அறிக்கை வழக்கம்போல் விமானிகள் மீது பழியை வைத்தது. பின்னர் நீதிபதி பீட்டர் மஹோன் தலைமையிலான ஆணைக்குழு, பறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு கம்பனி அலுவலகத்தில் கணினியின் பாதைக் குறிப்புகள் மாற்றப்பட்டதையும், அது விமானிகளுக்குச் சொல்லப்படாததையும் 1981இல் வெளிப்படுத்தியது. உண்மையை மறைக்கக் கம்பனி அதிகாரிகள் கூடிச் சதி செய்தனர் என்று நீதிபதி மேலும் கூறியதை உயர்மன்றங்கள் ஏற்கவில்லை. அதை எதிர்த்துச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்றன. அது நியாயமே. விமானிக்கு மறுக்கப்பட்ட நீதியை அதிகாரிக்கும் மறுக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் விபத்தின் காரணத்தைப் பற்றிய அவர் முடிவு நின்றது. 2019இல் அந்நாட்டுப் பிரதமர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இங்கே அரியலூர் நினைவுக்கு வராமல் போகாது. 1956 நவம்பர் 23ஆம் நாள் மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் விழுந்து நூற்றைம்பது பேரளவில் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சர் அழகேசனின் பெயர் எதுகை மோனையோடு ஒரு தேர்தல் முழக்கமாயிற்று. பதவி விலகலை நாம் எள்ளவில்லை; அத்தகைய நாணம் இன்று கிடைத்தற்கரியது. ஆனால் ஒரு நல்ல மனிதர் மேடையை விட்டு இறங்கியதைக் கண்டு நெகிழ்ந்த நாடு, அந்தப் பாலத்தின் நீர்வழி எவ்வளவு வெள்ளத்துக்குக் கட்டப்பட்டது, மழையிரவில் பாதையைக் காவல் காக்க எத்தனை பேர் இருந்தனர் என்ற வறட்டுக் கேள்விகளை அதே உருக்கத்தோடு நினைவில் வைத்திருக்கவில்லை. (அதே சாஸ்திரிதான் 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாருடன் உடன்படிக்கை செய்து, 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கென்று எண்ணிக் கொடுத்தார். அப்படி எண்ணப்பட்டவர்கள் ஹற்றனிலும் றொசல்லவிலும் வண்டியேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அதற்கு எந்த விசாரணையும் இல்லை. உடன்படிக்கை ஆகி இரண்டு மாதத்துக்குள் புயல் தனுஷ்கோடியையும், அங்கு வந்துகொண்டிருந்த வண்டியிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரையும் கடலுக்குள் கொண்டுபோயிற்று.)

மனிதனை எழுவாயாக்க வழியில்லாத இடத்தில் இயற்கை எழுவாயாகிறது. 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் ‘சமுத்திர தேவி’ வண்டியைக் கடல் கொண்டபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். உலகப் புகையிரத வரலாற்றிலேயே அதற்கு நிகரில்லை. ‘கடல் கொன்றது’ என்றே நாமும் எழுதினோம். சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் அலை வண்டியை அடைந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்திருந்தது. வண்டிகளை நிறுத்தப் புகையிரத அதிகாரிகள் முயன்றனர். அம்பலாங்கொடை நிலையத்தில் ஊழியரெல்லாம் வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்ததால் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதலே ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்து ஏழை நாடுகளுக்கு அன்று அப்படியொன்று இல்லை. கடல் கொன்றது என்பது உண்மைதான், வாக்கியம்தான் பாதி. 2021 நவம்பர் 23இல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாடசாலைச் சிறுவரையும் ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்தபோதும் இதே பாதி வாக்கியம் கேட்டது. பாலம் கட்டி முடியாத காலத்தில் பிள்ளைகள் எதில் கடப்பது என்பதைத் தீர்மானித்தவர் யார் என்பதே மற்றைப் பாதி.

மலையக வாசகருக்கு நாம் சொல்ல வருவது புதிதன்று. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பிடிப்பவர் யார், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிப்பவர் யார், பதிவேட்டில் எழுதுபவர் யார் என்பதை அவர் நாள்தோறும் பார்க்கிறார். மூன்றும் ஒரே தரப்பாயிருந்தால் நிறை எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. புகையிரத விபத்தைப் புகையிரதத் திணைக்களமே தன் அதிகாரிகளைக் கொண்டு விசாரிக்கும் வழக்கமும் அந்தத் தராசு போன்றதே. பிரித்தானியா 1840லேயே கம்பனிகளுக்கு வெளியே புகையிரத ஆய்வாளரை நியமித்தது. இந்தியா 1941இல் இரயில்வேப் பாதுகாப்பு ஆய்வாளரை இரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்தது. அவர்களின் ஆணையகம் பின்னர் சிவில் விமானத்துறை அமைச்சின் கீழ் வைக்கப்பட்டது. அங்கும் விபத்துகள் ஒழிந்துவிடவில்லை. எனினும் தராசும் பதிவேடும் இரு கைகளில் இருக்கின்றன.

சாட்சிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். சப்த கன்னியர் மலையின் அடிவாரத்தில், அந்த டிசம்பர் இரவில், லயங்களில் படுத்திருந்தோர் தோட்டத் தொழிலாளர். 1974 அவர்களுக்குப் பஞ்ச ஆண்டு. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த காலம். அவர்களில் மிகப் பலர் எந்த நாட்டுக்கும் பிரசைகளாக இல்லை. விமானம் எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு தாழ்ந்து பறந்தது, இயந்திரம் எப்படி ஒலித்தது, மலையில் அன்று மூட்டமா வெளிச்சமா என்பவற்றை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவர்? எந்தப் பக்கத்தில் எந்நேரம் மூட்டம் இறங்கும் என்பது பெரட்டுக்கு விடியுமுன் போகும் பெண்ணுக்குத் தெரியும். அந்த அறிவைப் பெற, அவளுடைய மொழியில் கேட்கும் ஒருவர் விசாரணைக் குழுவில் இருந்தாக வேண்டும். குழுவின் முடிவும் அவளுடைய மொழியில் திரும்பி வந்தாக வேண்டும். விபத்து அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, நிபுணர் கையிலிருந்து நிபுணர் கைக்கே போகின்றன.

தமிழாசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். அடுத்த விபத்துச் செய்தி பத்திரிகையில் வரும்போது அதை வகுப்புக்குக் கொண்டுபோய், எழுவாய்களின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள். ‘தடம் புரண்டது’, ‘கவிழ்ந்தது’, ‘நேர்ந்தது’ என்னும் வினைகளை வட்டமிட்டு, யாரால், எதனால் என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓரம் போதாமற் போனால் தனித்தாள் கொடுங்கள்.